படங்களை நான்கு சப்டொமைனில் பிரித்தும் தளம் ஏன் மெதுவாக இருக்கிறது?

கேள்வி: சேலை விற்கும் தளம் ஒன்றை நடத்துகிறேன். முகப்பில் 60 படங்கள். எங்கோ படித்துவிட்டு அவற்றை நான்கு சப்டொமைன்களில் (தளப் பெயரின் கீழ் வரும் துணைப் பெயர்களில்) பிரித்து வைத்தேன். சர்வர் மென்பொருளான அப்பாச்சியில், பக்கங்களை அனுப்பும் எச்டிடிபி/1.1 முறைக்கு அடுத்த பதிப்பான எச்டிடிபி/2-ஐயும் ஆன் செய்தேன். ஆனாலும் மொபைலில் பக்கம் வர நேரமாகிறது. சர்வரில் மெமரியும் போதவில்லை. ஓர் இணைப்பை உடனே மூடாமல் அடுத்த கோரிக்கைக்கும் திறந்து வைத்திருக்கும் கீப்-அலைவை நிறுத்தினால் மெமரி மிச்சமாகும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மெமரி கொஞ்சம் மிஞ்சலாம், ஆனால் உங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொரு படத்துக்கும் காத்துக்கிடப்பார்.

ஒரு புது இணைப்பைத் திறக்க என்னவெல்லாம் ஆகிறது என்று பாருங்கள். மொபைலுக்கும் சர்வருக்கும் இடையே ஒருமுறை போய்வர 100 மில்லிசெகண்ட் ஆவதாக வைத்துக்கொள்வோம். டிசிபி இணைப்பு ஏற்பட ஒரு நடை, அதாவது ஒருமுறை போய்வர வேண்டும். அதைப் பாதுகாப்பாக்க டிஎல்எஸ் 1.2 என்றால் இன்னும் இரண்டு நடை, 1.3 என்றால் ஒரு நடை. ஆக, ‘அந்தப் படத்தைக் கொடு’ என்று கேட்பதற்கு முன்பே 200, 300 மில்லிசெகண்ட் போய்விடுகிறது.

அதோடு முடியவில்லை. புது இணைப்பில் சர்வர் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் அனுப்பாது. வழி எவ்வளவு தாங்கும் என்று அதற்கு இன்னும் தெரியாதே! முதலில் வழக்கமாக 10 பாக்கெட், அதாவது சுமார் 14 கேபி அனுப்பும். அது பத்திரமாகச் சேர்ந்த பிறகு இரட்டிப்பு, அப்புறம் அதற்கும் இரட்டிப்பு. 150 கேபி படம் ஒன்று இப்படி வந்து சேர நான்கு நடை பிடிக்கும். ஏற்கெனவே சூடுபிடித்த இணைப்பில் அதே படம் ஒன்றிரண்டு நடையில் வந்துவிடும். கீப்-அலைவை நிறுத்தினால் 60 படங்களும் ஒவ்வொன்றாக அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

சப்டொமைன் யோசனை ஒரு காலத்தில் நல்ல யோசனைதான். எச்டிடிபி/1.1-இல் நடைமுறையில் ஓர் இணைப்பில் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைதான் போகும். ஒரு சர்வருக்கு இரண்டு இணைப்புக்கு மேல் வேண்டாம் என்றது 1999-இன் விதிமுறை. பிறகு பிரவுசர்கள் அதை ஆறாக்கின. நான்கு பெயர் இருந்தால் 24 இணைப்பு கிடைக்குமே என்றுதான் எல்லோரும் படங்களைப் பிரித்தார்கள். 2015-இல் வந்த எச்டிடிபி/2 ஒரே இணைப்பில் எல்லாப் படங்களையும் ஒருசேரக் கேட்டு வாங்கிவிடும். இப்போது கூடுதல் பெயர்கள் கூடுதல் தாமதம்தான்.

ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்கு வேறொரு சந்தேகம். நீங்கள் ஆன் செய்த எச்டிடிபி/2 ஓடவே இல்லை என்று நினைக்கிறேன். குரோம் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, புரோட்டோகால், கனெக்‌ஷன் ஐடி இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். அங்கே 1.1 என்று வந்தால் காரணம் பெரும்பாலும் ப்ரீஃபோர்க், அதாவது ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனி ப்ராசஸை ஒதுக்கும் அப்பாச்சி முறை. அப்பாச்சி 2.4.27 முதல் ப்ரீஃபோர்க்கில் எச்டிடிபி/2 வேலை செய்யாது. தளத்தின் நிரலை இயக்கும் பிஎச்பி-யை அப்பாச்சிக்குள்ளேயே மாட்யூலாக ஓட்டுபவர்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறார்கள். மெமரி தட்டுப்பாடும் அங்கிருந்தே வரலாம். ப்ரீஃபோர்க்கில் சும்மா காத்திருக்கும் ஓர் இணைப்புக்குக்கூட பிஎச்பி-யைச் சுமந்த ஒரு முழு ப்ராசஸ் முடங்கிக் கிடக்கும்.

அதனால் முதலில் பிஎச்பி-யை அப்பாச்சிக்கு வெளியே தனியாக ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்முக்கு மாறி, அப்பாச்சியை ஈவென்ட் முறைக்குக் கொண்டுவாருங்கள். அதில் சும்மா இருக்கும் இணைப்புகள் ஒரு ப்ராசஸையும் பிடித்துவைக்காது. மாற்ற நாளாகும் என்றால் அதுவரை கீப்-அலைவ் டைம்அவுட்டை வழக்கமான 5 வினாடியிலிருந்து 2 ஆக்கிக்கொள்ளுங்கள், போதும். புரோட்டோகால் வரிசையில் எச்2 என்று கண்ணால் பார்த்த பிறகே படங்களை முதன்மைப் பெயருக்குத் திருப்புங்கள். இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். 1.1-இல் இருக்கும்போதே ஒன்றாக்கினால் 60 படங்களும் ஆறு இணைப்புக்காக வரிசையில் நிற்கும், இப்போதிருப்பதைவிட மோசமாகிவிடும்.

ஒரு குறை மட்டும் மிஞ்சும். சிக்னல் மோசமான இடத்தில் ஒரு பாக்கெட் தொலைந்தால், எச்டிடிபி/2-இல் அந்த இணைப்பில் வரும் எல்லாப் படங்களும் அதற்காகக் காத்திருக்கும். டிசிபிக்குப் பதிலாக யூடிபி மேல் ஓடும் எச்டிடிபி/3-இல் அந்த ஒரு படம் மட்டும்தான் காத்திருக்கும். முன்னால் ஒரு சிடிஎன் (படங்களை வாடிக்கையாளருக்கு அருகிலுள்ள சர்வர்களிலிருந்து தரும் சேவை) வைக்கும் எண்ணம் இருந்தால் அதில் எச்டிடிபி/3 உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.