மலாயாவின் பழைய சுல்தான் புகைப்படங்களில் வெள்ளைக்கார அதிகாரிகள் ஏன் கூடவே இருக்கிறார்கள்?

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். பாட்டி வீட்டுச் சுவரில் ஒரு குழுப்படம் தொங்கும். நடுவே நாற்காலியில் துரை (தோட்ட நிர்வாகி), பக்கத்தில் கிராணி (எழுத்தர்), தரையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். யார் உட்கார வேண்டும், யார் நிற்க வேண்டும் என்பதே அந்தப் படம் சொல்லும் சேதி. அரசவைப் படங்களையும் நான் அப்படித்தான் படிக்கிறேன்.

பேராக் குறித்து பிரிட்டிஷார் செய்த 1874 பங்கோர் ஒப்பந்தப்படி, மலாய் சமயமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் சுல்தான், ரெசிடெண்ட் என்ற பிரிட்டிஷ் ஆலோசகரின் ஆலோசனையைக் கேட்டே நடக்க வேண்டும். வரியும் நிர்வாகமும் கைவிட்டுப் போயின. மிஞ்சியது வழக்கம்தான். அதனால் படத்தில் தெரியும் பட்டுத் துணி, தலைப்பாகை, கிரிஸ் என்ற மலாய்க் குத்துவாள் எல்லாம் வெறும் அலங்காரமில்லை. 'இந்த இடம் இன்னும் என்னுடையது' என்று சுல்தான் காட்டிய இடம் அது என்றே நினைக்கிறேன்.

பிரிட்டிஷாருக்கும் அதே படம் தேவைப்பட்டது. 1897இல் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோலகங்சாரில் பேராக், சிலாங்கூர், பகாங், நெகிரி செம்பிலான் ஆட்சியாளர்களை ஒன்றாகக் கூட்டினார்கள். அந்த முதல் டர்பாரின் (ஆட்சியாளர் கூட்டத்தின்) குழுப்படத்தில் அதிகாரிகளும் ஆட்சியாளர்களும் சேர்ந்தே இருக்கிறார்கள். பார்ப்பவருக்கு அது சம்மதம் போலத் தெரியும். அதற்கு 20 ஆண்டு முன்புதான் பேராக் சுல்தான் அப்துல்லாவை அதே பிரிட்டிஷார் செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள்.

அப்புறம் கேமரா அரச குடும்பத்தின் கைக்கே வந்தது. திரங்கானு சுல்தான் இஸ்மாயில் நசிருதீன் ஆர்வமுள்ள புகைப்படக்காரர். பிறகு 1965இல் மலேசியாவின் மாமன்னரானார்.