அப்பாவுக்குப் பார்வை போன பிறகு எங்கே போவது?

சகோதரி, கிளாக்கோமா என்ற கண்நோயில் பார்வை போன அப்பா புளியரை வீட்டுத் திண்ணையை விட்டே இறங்குவதில்லை, டாக்டரும் கைவிரித்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். வைத்தியம் முடிந்தாலும் பயிற்சி பாக்கி இருக்கிறது. மதுரையில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் உண்டு, பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-இல் தொடங்கியது. வயதானவருக்கு நடமாட்டப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று முதலில் அவர்களிடம் போனில் விசாரியுங்கள்.

பார்வையற்றவர்கள் தட்டி நடக்கும் வெள்ளைக்கோல் அப்பாவின் நெஞ்சளவு உயரம் இருக்கட்டும். இடது கால் முன்னே போகும்போது கோல் நுனி வலப்பக்கம் தட்ட வேண்டும். அடுத்த அடி விழும் இடம் அதுதான். அப்புறம், தயவுசெய்து அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கைக்கு மேல் அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரைத் தப்படி முன்னால் நடங்கள். மாற்றுத்திறனாளி அட்டைக்கும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், ரயில் கட்டணச் சலுகைக்கு உதவும்.