பாலம்பூரில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் ஒரு மனை

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு ஆலையில் மேலாளராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். நானும் மனைவியும் இமாச்சலப் பிரதேசத்துக்கு இரண்டு முறை போய்வந்தோம். பாலம்பூர் தேயிலைத் தோட்டங்களும் அதற்குப் பின்னால் நிற்கும் பனிமலையும் பிடித்துப்போய், கடைசிக் காலத்தை அங்கேயே கழிக்கலாம் என்று முடிவு செய்தோம். பக்கத்துக் கிராமத்தில் 22 லட்சத்துக்கு ஒரு மனை அமைந்தது. 'வெளி மாநிலத்தவர் பெயரில் பதிவாகாது. பக்கத்து வீட்டு விவசாயி பெயரில் கிரயம் செய்துவிட்டு, அவரிடம் பொது அதிகாரப் பத்திரமும் உயிலும் எழுதி வாங்கிக்கொள்ளலாம். இங்கே எல்லோரும் அப்படித்தான்' என்கிறார் தரகர். நில உரிமையாளருக்கு வங்கி மூலம் 2 லட்சமும், தரகர் கையில் ரொக்கமாக 1 லட்சமும் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் 20-ம் தேதி கிரயம், டிக்கெட்டும் போட்டாயிற்று. பொள்ளாச்சியில் என் பெயரில் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது, நானும் விவசாயிதானே? இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் வாழலாம் என்று அரசியல் சட்டம் சொல்கிறதே? உத்தராகண்டில் இந்தத் தொல்லை இல்லை என்கிறார் மைத்துனர். என்ன செய்யலாம்?

பதில்: கிரயம் முடிவதற்கு முன்பே எழுதினீர்களே, அந்த மட்டும் நல்லது. முடிந்த பிறகு வந்திருந்தால் இந்தப் பதில் மிகச் சிறியதாக இருந்திருக்கும்.

உங்களைத் தடுப்பது இமாச்சலப் பிரதேசக் குத்தகை மற்றும் நிலச் சீர்திருத்தச் சட்டம், 1972. அதன் 118-வது பிரிவை அந்த ஊரில் டீக்கடைக்காரருக்கும் தெரியும். இமாச்சல் தனி மாநிலமானது 1971 ஜனவரி 25-ல். துண்டு துண்டான சிறு நிலங்களை நம்பிப் பிழைக்கும் மலைக் குடியானவர்களிடமிருந்து, சமவெளிப் பணம் அவற்றை வாங்கிக் குவித்துவிடும் என்ற பயம் அப்போதே இருந்தது. அந்தப் பயத்தில் பிறந்ததுதான் இந்தச் சட்டம். விவசாயி அல்லாத ஒருவருக்கு, மாநில அரசின் அனுமதி இல்லாமல், விற்பனை, தானம், உயில், பரிவர்த்தனை, குத்தகை, சுவாதீன அடமானம் என எந்த வழியிலும் நிலம் போகக் கூடாது என்கிறது 118.

இந்தப் பிரிவில் 'வெளி மாநிலத்தவர்' என்ற பேச்சே கிடையாது, 'விவசாயி அல்லாதவர்' என்றுதான் இருக்கிறது. சிம்லாவில் பிறந்து வளர்ந்த, நிலமில்லாத ஒரு குமாஸ்தாவையும் இதே தடைதான் நிறுத்துகிறது. அதனால் மொழியை வைத்தோ ஊரை வைத்தோ உங்களை ஒதுக்குகிறார்கள் என்று வருத்தப்பட வேண்டாம். ஆனால் உங்கள் பொள்ளாச்சித் தோப்பு அங்கே செல்லாது. இமாச்சல எல்லைக்குள் சொந்த நிலம் வைத்து, அதில் தானே பயிர் செய்பவர்தான் அந்தச் சட்டத்தின்படி விவசாயி. ஆனைமலையில் ஆயிரம் தென்னை இருந்தாலும், பாலம்பூர் இருக்கும் காங்ரா மாவட்டத்தில் நீங்கள் விவசாயி அல்லாதவர்தான்.

அரசியல் சட்டம் பற்றிய கேள்வியையும் பலர் கேட்கிறார்கள். எங்கும் வசிக்கும் உரிமை 19-வது பிரிவில் இருக்கிறது. பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. வசிப்பது வேறு, நிலம் வாங்குவது வேறு. சொத்துரிமை இப்போது அடிப்படை உரிமையே அல்ல. 1978-ல் வந்த 44-வது திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்து, 300-ஏ பிரிவில் ஒரு சட்ட உரிமையாக வைத்துவிட்டது. 118-ன் நோக்கம் ஏழைகளின் சிறு நிலங்களைக் காப்பதுதான் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்தக் கதவைத் தட்டிப் பயனில்லை.

இனி தரகரின் யோசனைக்கு வருவோம். அது புத்திசாலித்தனமான குறுக்குவழி என்று அவர் நினைக்கலாம். சட்டம் எழுதியவர்கள் அவரைப் போன்றவர்களை நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். 118-ன் விளக்கத்திலேயே இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, பணம் விவசாயி அல்லாதவர் கொடுக்க, விவசாயி பெயரில் நிலம் வாங்கும் பினாமி ஏற்பாடும் 'மாற்றம்' என்றே கொள்ளப்படும். இரண்டு, உரிமையாளரைப் போலவே நிலத்தை அனுபவிக்கட்டும் என்று விவசாயி அல்லாதவருக்குப் பவர் எழுதிக் கொடுப்பதும், ஒப்பந்தம் போடுவதும் மாற்றம்தான். உயிலையும் விடவில்லை. வாரிசுகளுக்கு எழுதும் உயிலுக்கு மட்டும்தான் விலக்கு. நீங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் வாரிசு அல்லவே. தரகர் சொன்ன மூன்று தாள்களும் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டவை.

யாராவது ஒரு மனுப் போட்டால், மாவட்ட ஆட்சியர் விசாரிப்பார். மீறல் உறுதியானால் நிலம் மாநில அரசுக்குச் சேர்ந்துவிடும். அதன்மேல் நீங்கள் கட்டிய வீடும் தப்பாது. மத்திய அரசின் 1988-ம் ஆண்டு பினாமிச் சட்டம் வேறு இருக்கிறது. 2016 திருத்தத்துக்குப் பிறகு அதில் ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவலும், சொத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதமும் உண்டு. பணம் கொடுத்தவர், பெயர் கொடுத்தவர் இருவரும் குற்றவாளிகள். அதைவிடக் கொடுமை, பெயர் கொடுத்தவர் நாளைக்கு 'இது என் நிலம்' என்று சொன்னால், 'பணம் என்னுடையது' என்று நீங்கள் வழக்குப் போடவும் முடியாது. அந்தச் சட்டமே தடுக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் கண் மூடினால் பவர் பொதுவாக அன்றோடு முடிந்தது. பிறகு அவருடைய பிள்ளைகளிடம் இந்தியில் பேசிப் புரியவைக்க வேண்டியது உங்கள் மனைவியாக இருக்கலாம். பொது அதிகாரப் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்த்துச் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

கொடுத்த 3 லட்சத்தில் வங்கி வழிப் பணத்துக்குப் பிடிமானம் இருக்கிறது, ரொக்கத்துக்குக் குறைவு. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தால் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். '118 அனுமதி கிடைத்த பிறகே விற்பனை' என்று ஒரு வரி இருந்தால் உங்கள் நிலை பலமானது. பினாமி ஏற்பாட்டையே எழுதி வைத்திருந்தால் சிக்கல். இரண்டு பேரும் தப்பு என்றால் நீதிமன்றம் ஒருவருக்கும் கை கொடுக்காது என்பதே பொது விதி. ஆனால் சட்டவிரோத நோக்கம் நிறைவேறும் முன் பின்வாங்குபவரை, 1882-ம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 84-வது பிரிவு கொஞ்சம் கனிவோடு பார்க்கிறது. அதனால்தான் 20-ம் தேதிக்கு முன் விலகுவது முக்கியம். தரகர்மேல் மோசடிப் புகார் கொடுக்கலாமா என்று தோன்றும். அவர் எதையும் மறைக்காமல்தானே சொல்லியிருக்கிறார்? அந்தப் புகார் நிற்காது.

இன்றே தரகருக்கும் உரிமையாளருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள்: இன்ன தேதியில் இவ்வளவு கொடுத்தேன், அனுமதி இல்லாமல் கிரயம் வேண்டாம், பணத்தைத் திருப்பித் தாருங்கள். 'சரி, தருகிறோம்' என்று ஒரு வரி பதில் வந்தாலே ரொக்கத்துக்கும் சாட்சி கிடைத்த மாதிரி. அந்தப் போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். சொத்து முன்பணத்தை 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கே வருமான வரித் துறை அபராதம் போடும் என்பதையும் பேச்சுவாக்கில் சொல்லி வையுங்கள். திருப்பித் தருவதைக் காசோலையாகக் கேளுங்கள். உங்கள் கோவை வங்கிக் கிளையில் அதைப் போட்டு, அது பணமில்லாமல் திரும்பினால், வழக்கைக் கோவையிலேயே தொடரலாம். 2015 திருத்தம் தந்த வசதி இது. அதற்குப் பாலம்பூர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. காசோலை திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், மறந்துவிடாதீர்கள். காசோலையும் தராமல் இழுத்தடித்தால் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பலாம். பண வசூல் வழக்குக்குப் பொதுவாக மூன்றாண்டு கெடு இருக்கிறது.

நேர்வழியும் இருக்கிறது. விவசாயி அல்லாதவர் வீடு கட்ட 500 சதுர மீட்டர் வரை அனுமதி கேட்கலாம், கடைக்கு 300. மனு மாவட்ட ஆட்சியர் வழியாக மாநில அரசுக்குப் போகும். நம் ஊர் சிட்டாவைப் போன்ற 'ஜமாபந்தி', வரைபடம், விற்பவரோடு போட்ட ஒப்பந்தம் எல்லாம் கேட்பார்கள். அங்கே கனால், மர்லா என்று பேசுவார்கள். நீங்கள் சதுர மீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். அனுமதி கிடைத்து வாங்கிய நிலத்தைச் சட்டம் குறித்த கெடுவுக்குள் சொன்ன காரியத்துக்குப் பயன்படுத்த வேண்டும். வீட்டுக்கென்று வாங்கி விடுதி நடத்தினால் மறுபடி 118 வரும். இன்னொரு வழி, மாநில வீட்டு வசதி வாரியம் விற்கும் வீடு அல்லது மனை. அதை வாங்க இந்தப் பிரிவு தடை போடவில்லை.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நகராட்சி எல்லைக்குள் இருக்கும் நிலத்தையோ கட்டடத்தையோ குத்தகைக்கு எடுப்பது 118-ன் 'மாற்றம்' என்பதில் சேராது. தரம்சாலா, பாலம்பூர் இரண்டும் மாநகராட்சிகள். கிராமப் பஞ்சாயத்து எல்லைக்குள் நீண்ட குத்தகை என்றால் இந்த விலக்கு கிடையாது. அதனால் வீடு எந்த எல்லையில் என்று முதலில் பாருங்கள். ஓராண்டுக்கு மேல் என்றால் குத்தகையைப் பதிவு செய்யுங்கள். நீங்கள் போனதெல்லாம் சுற்றுலாப் பருவத்தில்தான் இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மழையில் சாலை சரியும்போது அங்கே இருந்து பாருங்கள். 1905-ல் நிலநடுக்கம் இருபதாயிரம் பேரைப் பலி கொண்ட பள்ளத்தாக்கு அது என்பதையும் கட்டப் போகும் வீட்டின் அஸ்திவாரம் மறக்கக் கூடாது.

மைத்துனருக்கு: உத்தராகண்டிலும் வெளியார் நகர எல்லைக்கு வெளியே வீட்டுக்கு 250 சதுர மீட்டர்தான், அதுவும் குடும்பத்துக்கு ஒரு முறை. 2025-ல் வந்த திருத்தம் ஹரித்வார், உதம்சிங் நகர் தவிர்த்த 11 மாவட்டங்களில் விவசாய, தோட்ட நிலம் வெளியாருக்குப் போவதையே நிறுத்திவிட்டது.

டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். 20-ம் தேதி போய்க் காசோலையை வாங்கிக்கொண்டு, மாநகராட்சி எல்லைக்குள் ஒரு வாடகை வீட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.