மூணு சக்கர பழைய காரா? காசு குடுக்கறதுக்கு முன்னாடி குனிஞ்சு பாருங்க

மூணு சக்கர பழைய கார் பத்தி போன வாரம் ரெண்டே வரி எழுதுனேன், அதுக்கு இத்தனை பேர் எழுதியிருக்கீங்க. கடிதங்களை சுருக்கித்தான் போட்டிருக்கேன்.

மதுரைல ஒரு ஷெட்ல பாதல் கார் கிடக்கு. 1.8 லட்சம் கேக்குறாங்க. வாப்பாவுக்கு ரொம்ப ஆசை. பாடில ஒரு பொட்டு துரு இல்ல, அட்வான்ஸ் போட்டுடவா? – கீழக்கரை

தம்பி, ஃபைபர் எப்படி துருப்பிடிக்கும்? நம்ம கரைல நிக்கிற ஃபைபர் வள்ளம் துருப்பிடிச்சு பாத்திருக்கீங்களா? பாதல் 70கள்ல பெங்களூர்ல செஞ்ச வண்டி, முன்னாடி ஒத்தச் சக்கரம், பின்னாடி 198 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின், மேல ஃபைபர். இந்த மாதிரி வண்டில பாரத்தை தாங்குறது அடியில இருக்குற இரும்பு. மேல எத்தனை வருஷம் ஆனாலும் பளபளன்னு இருக்கும், அடியில இரும்பு பொரிஞ்சு போயிருக்கும், அதை மறைக்க ஒரு டப்பா கருப்பு அண்டர்கோட்டிங் போதும்.

எனக்கு இது நடந்துச்சு. 2011ல ஒருத்தர்கிட்ட இப்படி ஒரு ஃபைபர் வண்டி 65,000 குடுத்து வாங்குனேன். பெயின்ட்டை பாத்தேன், சீட்டை பாத்தேன், ஒரு ரவுண்டு ஓட்டியும் பாத்தேன், குனிஞ்சு மட்டும் பாக்கல. உச்சிப்புளி தாண்டி வரும்போது பின்னாடி டமார்னு ஒரு சத்தம், சஸ்பென்ஷனை பிடிச்சிருந்த இரும்பே பிச்சுக்கிட்டு வந்து வண்டி ஒரு பக்கமா உக்காந்துருச்சு. பக்கத்துல என் பொண்ணு, அப்ப அவளுக்கு ஏழு வயசு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. வித்தவருக்கு அது தெரியும், தெரிஞ்சுதான் முந்தின வாரம் கருப்பு அடிச்சு வச்சிருந்தார், அதை இன்னைக்கு வரைக்கும் என்னால மன்னிக்க முடியல.

அதனால ஜாக்கி போட்டு தூக்கச் சொல்லுங்க. ஸ்க்ரூ டிரைவரால சேஸியை, அதான் அந்த அடி இரும்பை, நல்லா குத்திப் பாருங்க, சஸ்பென்ஷன் மாட்டுற இடம், முன் சக்கரத்து ஃபோர்க் பிடிக்கிற இடம் ரெண்டையும் விடாதீங்க. பொத்துன்னு உள்ள போனா எந்திரிச்சு வந்துருங்க. குத்த விடமாட்டேன்னு சொன்னாலும் வந்துருங்க. பாடில விரிசல் இருந்தா கவலையே படாதீங்க, மண்டபத்துலயோ பாம்பன்லயோ வள்ளம் ஒட்டுறவங்க ரெசினும் ஃபைபர் மேட்டும் வச்சு ஒட்டிக் குடுத்துருவாங்க. சேஸி நல்லா இருந்தா வாங்குங்க, வாப்பாவை பக்கத்துல உக்கார வச்சு ஏர்வாடி வரைக்கும் ஒரு சாயங்காலம் போயிட்டு வாங்க, அந்த சுகம் வேற எந்த வண்டிலயும் வராது.

ஆர்சி அப்புறம் தர்றேன்னு சொன்னார், வாங்கிட்டேன். எட்டு மாசம் ஆச்சு, இப்ப ஃபோனே எடுக்க மாட்டேங்குறார். – தொண்டி

ஆர்சி கைக்கு வராம முழுக் காசும் ஏன் குடுத்தீங்க? சேஸி நம்பரை வச்சு ஆர்டிஓ ஆபீஸ்ல யார் பேர்ல இருக்குன்னு கேளுங்க, வித்தவர் மேல ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க. அதுவரை ரோட்டுக்கு எடுக்காதீங்க.

ஃபோட்டோ பாத்து ரிலையன்ட் ராபின்ங்கிற மூணு சக்கர காருக்கு 40,000 அட்வான்ஸ் அனுப்புனேன், முந்தாநாள்லருந்து நம்பர் ஸ்விட்ச் ஆஃப். வீட்ல சொல்லவே பயமா இருக்கு. – மண்டபம்

தங்கச்சி, தப்பு பண்ணது நீங்க இல்ல, ஏமாத்துனவன். இதை படிச்ச உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிங்க, பேங்க்லயும் சொல்லுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அந்த அளவுக்கு அந்தப் பணத்தை முடக்க வழி இருக்கு. சாட், ஸ்க்ரீன்ஷாட் எதையும் அழிக்காதீங்க. வீட்லயும் சொல்லிடுங்கம்மா, தனியா சுமக்காதீங்க.

முன்னாடி ஒத்தச் சக்கரம், முன்னாடி ரெட்டைச் சக்கரம், எது நல்லது? பாம்பன் பாலத்துல ஓட்டலாமா? – தேவிபட்டினம்

ரெட்டை முன்னாடி இருந்தா நிதானம் ஜாஸ்தி, பழைய மார்கன், மெஸ்ஸர்ஷ்மிட் எல்லாம் அப்படித்தான். ஒத்தை முன்னாடி இருக்குற ராபின், பாதல்ல வளைவுல பிரேக் அடிச்சா பாரம் முன்னாடி ஒரு பக்கமா சாயும், அங்க தாங்க சக்கரம் இல்ல, கவுந்துரும். வளைவுக்கு முன்னாடியே வேகத்தை குறைச்சுப் பழகுங்க. பாலத்துல கச்சான் காத்து அடிக்கிற நாள்ல இந்த எடையில்லாத வண்டிய எடுக்கவே எடுக்காதீங்க.

டூரிஸ்ட்டை ஏத்தி தனுஷ்கோடிக்கு காசுக்கு ஓட்டலாமா? – ராமேஸ்வரம்

கூடாது.

மெக்கானிக் 60,000 வாங்கிட்டு இன்ஜினை பிரிச்சுப் போட்டு ஒண்ணரை வருஷம் ஆகுது. பில் இல்ல. – தங்கச்சிமடம்

ஜிபே பண்ணியிருந்தா அதுவே ஆதாரம், வாட்ஸப்ல பேசுனதும் ஆதாரம். முதல்ல ரிஜிஸ்டர் தபால்ல ஒரு நோட்டீஸ், 15 நாள் டைம் குடுங்க. அசையலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். வக்கீல் வேணும்னு கட்டாயம் இல்ல, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸும் இல்ல. ஆனா ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டாகணும், உங்களுக்கு கொஞ்ச மாசம்தான் இருக்கு, இந்த வாரமே ஆரம்பிங்க. குழப்பமா இருந்தா நுகர்வோர் உதவி நம்பர் 1915ல கேளுங்க.

50 வருஷம் தாண்டுன மூணு சக்கர வண்டிக்கு, விண்டேஜ் வண்டிக்குன்னு தனியா குடுக்குற விஏ நம்பர் கிடைக்குமா? – சாயல்குடி

2021ல வந்த விண்டேஜ் விதி ரெண்டு சக்கரம், நாலு சக்கரம்னுதான் பேசுது. 1886ல பென்ஸ் பேடன்ட் வாங்குன அந்த முதல் காருக்கே மூணு சக்கரம்தான், அதை எப்படி விட்டாங்கன்னு எனக்கு ஆத்திரமா வருது. விஏ நம்பரை நம்பி விலை பேசாதீங்க, ஆர்டிஓகிட்ட எழுத்துல கேட்டு வாங்கிட்டு அப்புறம் பேசுங்க.

மச்சான் கோயம்புத்தூர்ல மெஸ்ஸர்ஷ்மிட் கேஆர்200 வாங்கியிருக்கார். ரிவர்ஸ் கியரே இல்ல, ஏமாத்திட்டாங்களா? – பெரியபட்டினம்

இல்லவே இல்ல, மச்சானுக்கு அதிர்ஷ்டம். இன்ஜினை ஆஃப் பண்ணி, சாவியை இன்னும் கொஞ்சம் உள்ள அழுத்தி திரும்ப ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. 191 சிசி இன்ஜின் அப்படியே எதிர்த்திசையில சுத்தும், பின்னாடி போறதுக்கும் நாலு கியர் இருக்கும். முதல் கியருக்கு மேல மட்டும் போக வேண்டாம்னு சொல்லுங்க.