நீண்ட நாள் வயிற்று டயாலிசிஸில் சவ்வு தழும்பாவது எப்படி?

வயிற்றுக்குள் குழாய் வழியே ஒரு பை சர்க்கரைத் திரவத்தை ஏற்றி, சில மணி நேரம் கழித்துக் கழிவோடும் மிகுதி நீரோடும் வடிப்பதுதான் வயிற்று டயாலிசிஸ்; வயிற்றின் உள்சவ்வே அதில் வடிகட்டி. பல வருடம் இதைச் செய்தால் உள்சவ்வு தழும்பாகிவிடுமா, அது எப்படி நடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஒருவர் நாலைந்து வருடமாகப் பை மாற்றி வருகிறார், அண்மையில் வடியும் நீர் குறைந்திருக்கிறது, "அஞ்சு வருஷத்துக்கு மேல சவ்வு தாங்காது" என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். அப்படியொரு காலக்கெடு எல்லாருக்கும் பொதுவாகக் கிடையாது. எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதைவிட, அந்த ஆண்டுகளில் எவ்வளவு சர்க்கரை உள்ளே போயிற்று, எத்தனை முறை தொற்று வந்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பெரிடோனியம் என்பது வயிற்றுச் சுவரின் உட்புறத்தையும் குடலையும் போர்த்தியிருக்கும் சவ்வு. மேலே ஒற்றை அடுக்காக மீசோதீலியல் செல்கள், அதற்குக் கீழே ஒரு மெல்லிய அடித்தளப் படலம், அதற்கும் கீழே கொலாஜன் என்ற நார்ப் புரத இழைகளாலான பட்டை. இரத்தத் தந்துகிகள் இதற்குள்தான் ஓடுகின்றன. ஆரோக்கியமானவர்களிடம் இந்தப் பட்டையின் தடிமன் சுமார் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 2002இல் வெளியான திசு ஆய்வு ஒன்றில், இந்த டயாலிசிஸ் செய்தவர்களிடம் நடுமதிப்பு 270 மைக்ரானாக இருந்தது. எட்டு ஆண்டுகளைத் தாண்டியவர்களிடம் 700. இதை மட்டும் எடுத்துக் காட்டிப் பயமுறுத்துபவர்கள் அதே ஆய்வின் இன்னொரு எண்ணைச் சொல்வதில்லை: டயாலிசிஸே தொடங்காத சிறுநீரகச் செயலிழப்பு நோயாளிகளிடமும் அது 140 இருந்தது. கழிவுகள் இரத்தத்தில் தேங்குவதே சவ்வைத் தடிக்க வைக்கத் தொடங்கிவிடுகிறது.

இனி திரவத்துக்கு வருவோம். லேசான பை என்று நாம் நினைக்கும் 1.5% பையிலேயே, இரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. 4.25% பையில் சுமார் நாற்பது மடங்கு. 2 லிட்டர் பைக்கு முறையே 30 கிராம், 85 கிராம் குளுக்கோஸ். நாளுக்கு நாலு பை என்றால் வருடத்துக்கு 2,900 லிட்டருக்கு மேல் சவ்வின் மேல் தங்கிப் போகிறது. அதோடு, பழைய வகைப் பையில் பி.ஹெச். 5.5 அளவில் அமிலமாக இருக்கும். வெப்பத்தில் கிருமி நீக்கும்போது குளுக்கோஸ் அளவுக்குமேல் சிதையாமலிருக்கத்தான் அந்த அமிலத்தன்மை. அப்படியும் கொஞ்சம் சிதைந்து மெத்தில்கிளையாக்ஸல் போன்ற பொருட்கள் உண்டாகின்றன. இவை குளுக்கோஸைவிடப் பல மடங்கு வேகமாகப் புரதங்களோடு ஒட்டி, கொலாஜனை விறைக்க வைக்கின்றன.

தினமும் இதில் ஊறும் மீசோதீலியல் செல்கள் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தை வெளியிடுகின்றன. தழும்பு உருவாவதில் முக்கியப் பங்கு இதற்குத்தான். அதன் தூண்டுதலில் சில செல்கள் அண்டைச் செல்களோடு இருந்த பிணைப்பை விட்டு, உருமாறி, நார் உண்டாக்கும் செல்களைப் போல நடக்கத் தொடங்குகின்றன. மற்றவை உதிர்ந்துபோகின்றன. கீழே ஏற்கெனவே இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்களும், அதாவது நார் உண்டாக்கும் செல்களும், விழித்துக்கொண்டு கொலாஜனைக் கொட்டுகின்றன. இந்த இரண்டில் எது பெரிய பங்கு என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. எலிகளில் செல்களின் வம்சாவளியைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு, கீழிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்களே முக்கியம் என்றது. ஆகவே "நீங்கள் சொன்ன உருமாற்றக் கதை பழசு" என்று யாரும் கிளம்ப வேண்டாம். இரண்டையும் சொல்லிவிட்டேன்.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் அடுத்தது. நீர் குறைந்தால் உடனே "சவ்வு தடித்து அடைத்துக்கொண்டது" என்கிறார்கள். முதல் சில ஆண்டுகளில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. சர்க்கரையும் அழற்சியும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைத் தூண்ட, புதுத் தந்துகிகள் பெருகுகின்றன. சவ்வு வழியே சிறு மூலக்கூறுகள் வேகமாகப் போய் வரும். கிரியாட்டினின் என்ற கழிவு சீக்கிரம் வெளியே வந்துவிடும், அது நல்லதுதான். ஆனால் பையிலுள்ள குளுக்கோஸும் அதே வேகத்தில் இரத்தத்துக்குள் போய்விடுகிறது. நீரை இழுக்கும் விசையே அந்தச் சர்க்கரை வேறுபாடு என்பதால், இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு இழுக்க ஆளில்லை. நாலு மணி நேரம் விட்டால், திரவத்துக்குள் வந்து சேர்ந்த நீரும் உடம்புக்குள் திரும்ப உறிஞ்சப்படும்.

உண்மையான தழும்பு இதற்கு மேல் வரும் கட்டம். கொலாஜன் பட்டை தடிக்க, சர்க்கரை வேறுபாடு இருந்தும் நீர் நகர மறுக்கிறது. இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி சோதனைதான். 4.25% பை 2 லிட்டர் ஏற்றி, நாலு மணி நேரம் கழித்து முழுதாக வடிக்க வேண்டும். கூடுதலாக வந்த நீர் 400 மில்லிக்குக் குறைவு என்றால் சவ்வின் திறன் போதவில்லை. திரவத்திலும் இரத்தத்திலும் உள்ள கிரியாட்டினின் விகிதம் 0.81ஐத் தாண்டினால் வேகமான சவ்வு. அதே சோதனையில் ஒரு மணி நேரத்தில் திரவத்தின் சோடியம் எவ்வளவு இறங்கியது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆரோக்கியமான சவ்வில் நீர்த் துளைகள் வழியே உப்பில்லாத வெறும் நீர் வருவதால் சோடியம் நன்றாக இறங்கும். லிட்டருக்கு 5 மில்லிமோல் கூட இறங்காவிட்டால் நீர் வரும் பாதையே பழுதாகியிருக்கலாம், தழும்பைச் சந்தேகிக்க வேண்டும். இதற்காக ஒரு மணி நேரத்தில் ஒரு மாதிரி கூடுதலாக எடுத்தால் போதும். அதைக்கூடச் செய்யாமல் "சவ்வு போச்சு" என்று தீர்ப்பு எழுதுவதுதான் எனக்குப் பொறுக்காதது.

சோதனைக்கும் முன்னால் எளிய காரணங்களை விலக்குங்கள். மலச்சிக்கல், குழாய் இடம் நகர்ந்தது, ஃபைப்ரின் (உறைவை உண்டாக்கும் புரத இழை) அடைப்பு, கசிவு: இவை எல்லாமே நீரைக் குறைக்கும். ஒரு எக்ஸ்ரேயும் ஒழுங்காக மலம் கழிப்பதும் பல "சவ்வுத் தோல்வி"களைத் தீர்த்துவிடும்.

தொற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடிந்த நீர் கலங்கலாக இருந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போக வேண்டும். ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளணு 100க்கு மேல், அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வகை என்றால் பெரிடோனைட்டிஸ், அதாவது சவ்வில் தொற்று, என்று சிகிச்சை தொடங்குவார்கள். கடும் தொற்றோ, திரும்பத் திரும்ப வரும் தொற்றோ மீசோதீலியல் செல்களை உரித்துவிடும். உரிந்த இடத்தில் ஃபைப்ரின் படிந்து, கரையாவிட்டால் குடல்கள் ஒட்டிக்கொள்கின்றன.

சாதாரணத் தழும்பையும் உறைபோடும் பெரிடோனியல் ஸ்க்ளெரோசிஸையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள். இரண்டாவது அரிது, ஆனால் ஆபத்தானது. குடல் முழுவதும் பட்டுப்புழுக் கூட்டுக்குள் அகப்பட்டதுபோல் ஆகி, வாந்தி, சிறிது சாப்பிட்டாலே வயிறு நிறைதல், எடை குறைதல், வடிந்த நீரில் இரத்தம் என்று தெரியவரும். பெரும்பாலும் பல ஆண்டுகள் இந்த டயாலிசிஸ் செய்தவர்களுக்கு வரும். ஹீமோடயாலிசிஸுக்கோ (இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரிப்பது) மாற்றுச் சிறுநீரகத்துக்கோ போன பிறகு தலைகாட்டுவதும் உண்டு. எனவே மாறியபின் "அதெல்லாம் முடிந்த கதை" என்று விடாமல், தொடர் வாந்தி இருந்தால் பழைய டயாலிசிஸைப் பற்றி மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

தடுப்பது சர்க்கரைச் சுமையைக் குறைப்பதில் இருக்கிறது. நீர் அதிகமாகத் தேங்கினால் வலுவான பையை மாட்டுவது சுலபம். ஆனால் அந்த நீர் பெரும்பாலும் உப்பின் பின்னால் வந்தது. நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் நின்றால், எத்தனையோ பேருக்கு 4.25% பை தேவைப்படாது. சிறுநீர் கொஞ்சமாவது வந்தால் அதைப் பொன்போல் காக்க வேண்டும். வலிமாத்திரைகளையும் நீரிழப்பையும் தவிர்த்து, மருத்துவர் சொன்னால் ஃப்ரூஸமைடு என்ற சிறுநீர் பெருக்கி மாத்திரை எடுத்துக்கொள்ளலாம். சிறுநீரில் போகும் ஒவ்வொரு மில்லியும் சவ்விலிருந்து இழுக்க வேண்டாத மில்லி. இரண்டு அறைகளாக வந்து ஏற்றுமுன் கலக்கும் நடுநிலைப் பைகளில் சிதைவுப் பொருட்கள் குறைவு. அவை சிறுநீரைக் காக்க உதவுகின்றன என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது.

எட்டு மணி நேரத்துக்கு மேல் நீளும் இரவுப் பைக்கு, குளுக்கோஸுக்குப் பதிலாக மாவுச்சத்து வகையான 7.5% ஐகோடெக்ஸ்ட்ரின் இருக்கிறது. இதன் மூலக்கூறு பெரிது, சீக்கிரம் உறிஞ்சப்படாது. வேகமான சவ்வுக்காரர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் ஒன்று. ஐகோடெக்ஸ்ட்ரின் உடைந்து மால்ட்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரை ஆகிறது. சில வகைக் குளுக்கோமீட்டர் பட்டைகள் அதையும் குளுக்கோஸாக எண்ணி அதிகமாகக் காட்டும். அந்த எண்ணை நம்பி இன்சுலின் ஏற்றினால், உண்மையில் சர்க்கரை தாழ்ந்தவர் மயங்கிவிடுவார். பொய் எண் திரவத்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை தொடரலாம். சவ்வுத் தழும்புக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன்: பையோடு வரும் எச்சரிக்கை அட்டையைக் குப்பையில் போடும் வழக்கம் உயிரைக் கேட்கும். அதை நோயாளி சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். அவசரப் பிரிவில் எந்தப் பட்டை என்று கேட்டு, சந்தேகமிருந்தால் ஆய்வகத்தில் இரத்தச் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள்.