மோட்டர் வாங்க முதல் வயரைப் பாருங்கள்

கேள்வி: என்னுடைய பழைய ஜப்பான் காரில் இடது முன்கதவுக் கண்ணாடி சில நாள் ஏறி இறங்கும், சில நாள் அசையவே அசையாது. என் பக்கச் சுவிச்சை அழுத்தினாலும் அந்தக் கதவுச் சுவிச்சை அழுத்தினாலும் ஒன்றுதான். மற்ற மூன்றும் நல்லாக வேலை செய்கின்றன. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் சிலவேளை வேலை செய்கிறது. கராஜில் மோட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?
- வாசகர், காரைநகர்

பதில்: கொஞ்சம் பொறுங்கோ. கதவைத் திறந்தால் வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதில்தான் இருக்கிறது. மோட்டர் பழுதென்றால் கதவு திறந்திருந்தால் என்ன, பூட்டியிருந்தால் என்ன, பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். கதவோடு சேர்ந்து மடிந்து நிமிர்வது, கதவுக்கும் காரின் பொடிக்கும் நடுவில் கறுப்பு றப்பர் குழாய்க்குள் போகிற வயர்கள். வருசக்கணக்காக மடிந்து மடிந்து உள்ளே செப்புக் கம்பி அறுந்துவிடும், மேல் உறை மட்டும் முழுசாக இருக்கும், அதனால் வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பற்றரியைக் கழற்றிவிட்டு றப்பரின் ஒரு பக்கத்தை இழுத்தெடுத்து ஒவ்வொரு வயராக மெதுவாக இழுத்துப் பாருங்கள். அறுந்த வயர் கையோடு நீண்டு வரும். பொன்னாலைப் பாலத்தால் வந்து போகிற கார் என்றால் உப்புக்காற்றும் சேர்ந்திருக்கும், செம்பு பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். முறுக்கி டேப் சுற்றினால் ஒரு மாரிகூடத் தாங்காது. மடிப்பைத் தாண்டிய இடத்தில் புது வயர்த்துண்டை ஈயம் பற்றவைத்து ஒட்டச் சொல்லுங்கள்.

வயர் சரியென்றால் அடுத்தது மின்சாரம் மோட்டர் வரைக்கும் வருகிறதா என்பது. கதவின் உட்பலகையைக் கழற்றி, பற்றரியைத் திரும்பப் பூட்டி, மோட்டர் கனெக்டரின் இரண்டு முனைக்கும் நடுவில் வோல்ட் அளக்கும் மீட்டரை வைத்து, பக்கத்தில் ஒருவரைச் சுவிச்சை அழுத்தச் சொல்லுங்கள். ஏற்ற அழுத்தினால் ஒரு திசையிலும் இறக்க அழுத்தினால் மறு திசையிலும் 12 வோல்ட் அளவில் காட்டும். அப்படிக் காட்டியும் மோட்டர் சுற்றவில்லை என்றால்தான் கராஜ்காரர் சொன்னது சரி. ஒன்றுமே காட்டாவிட்டால் சுவிச்சைப் பாருங்கள். பல கார்களில் சாரதியின் சுவிச்சிலிருந்து வரும் வயர் அந்தக் கதவுச் சுவிச்சுக்குள்ளால் போய்த்தான் மோட்டரைச் சேரும், அதனால் அந்த ஒரு சுவிச்சில் களிம்பு பிடித்தாலே இரண்டு பக்கமும் செத்துவிடும். சோதிக்கும்போது கண்ணாடி ஓடும் பாதையில் கை வைக்காதீர்கள், திடீரென ஏறினால் விரலை நசுக்கிவிடும்.

கேள்வி: கண்ணாடி இறங்கும்போது சரி, ஏறும்போது முக்கி முக்கி ஏறுகிறது. எண்ணெய் விடலாமா?
- வாசகர், சுன்னாகம்

பதில்: வேண்டாம். உங்கள் ஊர்ச் செம்மண் தூசி எண்ணெயில் ஒட்டிப் பசையாகிவிடும், றப்பரும் ஊதிவிடும். கண்ணாடியை இறக்கிவிட்டு, அது ஓடும் றப்பர்ப் பள்ளத்தை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு சிலிக்கன் ஸ்பிரே அடியுங்கள். அதற்குப் பிறகும் கறகறவென்று சத்தம் வந்தாலோ கண்ணாடி சரிந்து ஏறினாலோ உள்ளே கண்ணாடியைத் தூக்கும் கேபிள் பிரிந்து வருகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள், அறுந்து கண்ணாடி கதவுக்குள் விழ முதல் காட்டுவது நல்லது.