பாடும்போது தொண்டை அடைக்கிறதே!

கேள்வி: அம்மா இறந்து மூன்று வாரம் ஆகிறது. அவருக்குப் பிடித்த பாமாலையை, அதாவது மேல்நாட்டு மெட்டில் அமைந்த கிறிஸ்தவப் பாட்டைப் பாடினால் இரண்டாம் அடியிலேயே தொண்டை அடைக்கிறது. என்ன செய்வது?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அழுகை முட்டும்போது குரல்வளைத் தசைகள் இறுகும், மேல் ஸ்வரங்கள்தான் முதலில் உடையும். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸை -3க்கு இறக்குங்கள். ‘எஃப்’ சுருதி ‘டி’ ஆகிவிடும். வேகத்தை ரொம்பக் குறைக்காதீர்கள், அடி முடியுமுன் மூச்சு தீர்ந்துவிடும். அடைத்தால் நிறுத்த வேண்டாம். வாயை மூடி ராகத்தை மட்டும் முனகுங்கள்.

துக்க நாள்களுக்குப் பாமாலையைவிட, பல்லவியும் சரணமுமாக நம் ராகங்களில் அமைந்த கிறிஸ்தவக் கீர்த்தனையே மேல் என்பது நம் கட்சி. பல்லவி திரும்பத் திரும்ப வருமே! சரணத்தை வேறொருவர் பாடட்டும். பல்லவிக்கு நீங்கள் சேர்ந்துகொள்ளலாம். அடுக்குமாடி புளோக் வீடாயிற்றே, இரவு 10 மணிக்குள் முடித்துவிடுங்கள்.